குறுவை–தாளடியா, ஒரு சம்பாவா: ஜூன் முடிவை ஜனவரியிலிருந்து கணக்குப் போட்டால்

காவிரி டெல்டாவில் மே கடைசியில் தவறாமல் எழும் கேள்வி இது. குறுவை என்ற குறுகிய கால நெல்லைப் போட்டு, அறுத்து, அதே வயலில் இரண்டாம் போகமாகத் தாளடி நெல் நடுவதா? இல்லை, ஆடி ஆவணிவரை பொறுத்து, ஒரே போகமாகச் சம்பா நெல் போட்டு, தையில் உளுந்து தெளிப்பதா? டீக்கடைப் பேச்சில் இதற்கு உடனே விடை கிடைத்துவிடும். குறுவையில் ஏக்கருக்கு 40 மூட்டை, தாளடியில் 30 மூட்டை, ஆக 70. சம்பாவில் 37 தான். பிறகென்ன யோசனை?

மூட்டைக் கணக்கில் தப்பில்லை. ஆனால் அது எல்லாம் நல்லபடி நடந்த ஆண்டின் கணக்கு. ஜூனில் எடுப்பது ஒரு முடிவல்ல, தொடர்ந்து வரும் ஐந்தாறு முடிவுகளில் முதலாவது. நாற்று விடுவது, நடுவது, அடுத்த பட்டத்துக்கு (விதைப்புப் பருவத்துக்கு) விதைப்பது, வெள்ளத்துக்குப் பிறகு உரம் போடுவதா விடுவதா என்பது, அறுப்பது என்று ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் பணம் மண்ணுக்குள் போகிறது, கொஞ்சம் செய்தி கைக்கு வருகிறது. ஒப்பிடும்போது முதலில் கேட்க வேண்டியது, செய்தி முன்னால் வருகிறதா, பணம் முன்னால் போகிறதா என்பதைத்தான்.

அணை மட்டம் சொல்லாத சேதி

மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி), முழு நீர்மட்டம் 120 அடி. டெல்டாவுக்குத் திறக்க வேண்டிய நாள் ஜூன் 12, மூடும் நாள் ஜனவரி 28. நடைமுறையில் 2016 முதல் 2025 வரையிலான பத்து ஆண்டுகளில் திறந்த நாட்கள் இவை: 2016 செப்டம்பர் 20, 2017 அக்டோபர் 2, 2018 ஜூலை 19, 2019 ஆகஸ்ட் 13, 2020 ஜூன் 12, 2021 ஜூன் 12, 2022 மே 24, 2023 ஜூன் 12, 2024 ஜூலை 28, 2025 ஜூன் 12.

பத்தில் ஐந்து ஆண்டுகள் உரிய நாளிலோ அதற்கு முன்போ திறந்திருக்கிறார்கள். அந்த ஐந்தில் ஒன்று, 2023, பாதியில் கைவிட்டது. அக்டோபர் 10ஆம் தேதி பாசனத்துக்கான திறப்பு நின்றது. அதற்கு முன்பே பல இடங்களில் குறுவை காய்ந்துவிட்டது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 2021இல் திறந்தபோது அணை மட்டம் சுமார் 97 அடி. 2023இல் சுமார் 103 அடி. மட்டம் குறைவாக இருந்த ஆண்டு தாக்குப்பிடித்தது, கூடுதலாக இருந்த ஆண்டு ஏமாற்றியது. காரணம் எளிது. குறுவையைக் கரை சேர்ப்பது ஜூனில் தேங்கி நிற்கும் தண்ணீர் மட்டுமல்ல, ஜூலை ஆகஸ்டில் வந்து சேரும் தண்ணீர். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த 177.25 டிஎம்சி பங்கீட்டில் ஜூனுக்கு 9.19 டிஎம்சிதான். ஜூலைக்கு 31.24, ஆகஸ்டுக்கு 45.95, செப்டம்பருக்கு 36.76. குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை எப்படிப் பெய்கிறது என்பது தெளிவாகும்போது குறுவை நட்டு ஒரு மாதம் ஆகியிருக்கும். ஆற்றுத் தண்ணீரை மட்டும் நம்பிக் குறுவை போடுகிறவர், சேதி வருமுன் பணத்தைப் போடுகிறார். சம்பாக்காரர் அதே சேதியைக் கையில் வைத்துக்கொண்டு விதைக்கிறார். இரண்டு வழிகளுக்கும் உள்ள பெரிய வேறுபாடு மூட்டை எண்ணிக்கையில் இல்லை, இங்கேதான் இருக்கிறது.

தேதிகளை எண்ணிப் பாருங்கள்

கடைமடை வயலை, அதாவது பாசன வாய்க்காலின் கடைசி முனையில் உள்ள வயலை எடுத்துக்கொள்வோம். ஜூன் 12இல் மேட்டூரில் திறந்தால் கல்லணைக்கு மூன்று நான்கு நாளில் வரும். அங்கிருந்து கடைமடை வாய்க்காலுக்கு வர இன்னும் இரண்டு வாரமாவது ஆகும். ஜூலை 3இல் நாற்றுவிட்டால், 110 நாள் ரகமான ஆடுதுறை 43 அக்டோபர் 21இல் அறுவடைக்கு வரும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வழக்கமான நாள் அக்டோபர் 20.

மழையில் கதிர் சாய்ந்தால் டயர் வைத்த அறுவடை வண்டி வயலில் இறங்காது, செயின் வண்டிதான் வேண்டும். ஊரில் எல்லாருக்கும் அதே வாரத்தில் அதே வண்டி வேண்டும். சாய்ந்த பயிரை அறுக்க நேரமும் கூடும், வாடகை மணிக்கணக்கில் ஏறும். அறுத்த நெல்லை விற்கப் போனால் நேரடி கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஈரப்பதத் தளர்வு கேட்டு, மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்து, உத்தரவு வருவதற்குள் தார்ப்பாய்க்கு அடியில் நெல் முளைவிடும். 2025 அக்டோபரில் தண்ணீர் குறையவில்லை, விளைச்சலும் குறையவில்லை. கொள்முதல் நிலைய வாசலில்தான் நெல் நனைந்தது.

அறுவடை அக்டோபர் கடைசிக்குத் தள்ளினால் தாளடி நடவு நவம்பர் முதல் வாரம். நட்டுப் பத்துப் பதினைந்து நாளில், வேர் பிடிக்கும் நேரத்தில், கனமழை. 2022 நவம்பர் 11இல் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. கொட்டியது. அந்த நிலையில் இளநாற்று நிற்காது. தப்பித்தாலும் 130 நாள் ரகம் பிப்ரவரி நடுவில்தான் அறுவடைக்கு வரும். ஜனவரி 28இல் ஆறு மூடிய பிறகு வயலில் ஈரம் வற்றத் தொடங்கும். உளுந்துக்கு நல்ல பட்டம் தை மாதம். அது போய்விடும். இரண்டு போகம் எடுத்ததால் மூன்றாவது போகத்தை இழப்பதை மூட்டைக் கணக்கில் யாரும் எழுதுவதில்லை.

இப்போது அதே குறுவையைப் பம்புசெட் வைத்திருப்பவர் மே 20இல் நாற்றுவிடுகிறார் என்று வையுங்கள். செப்டம்பர் 7இல் அறுவடை. வெயில் இருக்கும், களம் காயும், செப்டம்பர் 1 முதலே கொள்முதல் நடக்கும். தாளடிக்கு செப்டம்பர் 12இல் நாற்றுவிட்டால் 130 நாளில் ஜனவரி 20. நவம்பர் நடுவில் பயிருக்கு வயது 60 நாளைத் தாண்டியிருக்கும். உளுந்தும் தப்பாது. இதில் அவசரப்பட்டு ஆகஸ்ட் கடைசியிலேயே தாளடி நாற்றுவிடக் கூடாது. கதிர் வெளிவருவது டிசம்பர் முதல் வாரத்து மழையில் மாட்டி, மகரந்தம் கழுவப்பட்டு, பதர் விழும். பூப்பு டிசம்பர் நடுவுக்குப் பின் வருமாறு பின்னால் எண்ணி விதைப்பதுதான் சரி. சம்பாவுக்கும் இதே கணக்குத்தான்: 155 நாள் சிஆர் 1009 ரகத்தை ஆகஸ்ட் 15இல் விதைத்தால் ஜனவரி 17இல் அறுவடை, பூப்பு அதற்கு ஒரு மாதம் முன்பு.

பின்னாலிருந்து கணக்கு

பல கட்ட முடிவுகளில் கணக்கைக் கடைசிக் கட்டத்தில் தொடங்கி முன்னால் வர வேண்டும். கீழுள்ள தொகைகள் ஏக்கருக்கு, எடுத்துக்காட்டுக்காக வைத்தவை. உங்கள் வயலின் செலவையும் விளைச்சலையும் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். விலை, 2025–26 பருவத்துக்கான அரசின் சாதாரண ரக விலை குவிண்டாலுக்கு ரூ. 2,500.

குறுவை நன்றாக வந்தால் 24 குவிண்டால், ரூ. 60,000. செலவு 32,000 போக மீதி 28,000. அறுவடையில் மழை பிடித்தால் 16 குவிண்டால், செலவு 35,000, மீதி 5,000. நட்ட பிறகு தண்ணீர் நின்றால் போட்ட 24,000 போச்சு. தாளடி நன்றாக வந்தால் மீதி 17,000, வெள்ளம் பிடித்தால், பயிர் போன இடத்தில் மறுபடி நடும் போக்கு நடவுச் செலவும் சேர்ந்து நட்டம் 8,000. சம்பா நன்றாக வந்தால் 22 குவிண்டால், மீதி 25,000. உளுந்து 200 கிலோவுக்கு 2025–26 ஆதரவு விலை குவிண்டால் 7,800 என்று போட்டால் செலவு போக 10,000. இரண்டும் சேர்ந்து 35,000. வெள்ளத்தில் சம்பா பாதியானால் உளுந்தோடு சேர்த்து 7,500. 2016 போல ஆறும் மழையும் சேர்ந்து ஏமாற்றினால் நட்டம் 20,000.

முதலில் ஆற்றுப்பாசனம் மட்டும் உள்ள வயல். கடைசிக் கட்டம் தாளடி. வெள்ள வாய்ப்பு பத்தில் நான்கு என்றால் அதன் சராசரி மதிப்பு 0.6 × 17,000 − 0.4 × 8,000 = 7,000. அதற்கு முந்தைய கட்டம் குறுவை அறுவடை. மழை வாய்ப்பு நான்கில் ஒன்று என்றால் 22,250. இரண்டும் சேர்ந்து 29,250. இது தண்ணீர் கடைசிவரை வந்தால் மட்டும். ஐந்தில் ஒரு முறை நின்றுவிடும், அந்த ஆண்டு தாளடியும் இல்லை என்று வைத்தால் 0.8 × 29,250 − 0.2 × 24,000 = 18,600.

சம்பாவும் உளுந்தும்: நல்ல ஆண்டு 65 சதவீதம், வெள்ளம் 25, வறட்சி 10 என்று வைத்தால் 22,625.

இரண்டு போகம் தோற்கிறது. எந்த இடத்தில் ஜெயிக்கும் என்றும் பார்க்கலாம். தண்ணீர் பாதியில் நிற்கும் வாய்ப்பு எட்டில் ஒன்றுக்கும் கீழே என்று நம்பக் காரணம் இருந்தால் குறுவை–தாளடி முந்தும். வாதம் செய்ய வேண்டியது இந்த ஒரு எண்ணைப் பற்றித்தான். மற்றதையெல்லாம் கொஞ்சம் ஏற்றி இறக்கினாலும் வரிசை அவ்வளவாக மாறாது.

பம்புசெட் வயலில் குறுவையை முன்கூட்டியே விதைக்கிறோம். அறுவடை மழை வாய்ப்பு பத்தில் ஒன்று: 25,700. வேர் பிடித்த தாளடிக்கு வெள்ளச் சேதம் நான்கில் ஒன்று: 10,750. உளுந்து 10,000. மொத்தம் 46,450. அதே வயலில் வறட்சி பயமில்லாத சம்பாவும் உளுந்தும் 28,125தான். பம்புசெட் இருந்தும் ஊரோடு சேர்ந்து ஜூலையில் நாற்றுவிட்டால்? 22,250 + 7,000 = 29,250. ஆக, பம்புசெட்டால் வரும் லாபத்தில் பெரும்பகுதி தண்ணீரால் வருவதில்லை, ஆறு வாரம் முன்னால் போவதால் வருகிறது. போர்வெல் வைத்துக்கொண்டும் ஆறு திறக்கக் காத்திருப்பவர் அதன் மதிப்பில் பாதிக்கு மேல் கைவிடுகிறார். இது நல்ல நிலத்தடி நீர் உள்ள தஞ்சாவூர், கும்பகோணம், பாபநாசம் பக்கத்துக்குப் பொருந்தும். வேதாரண்யம் போன்ற கடலோரப் பகுதியில் போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் இடத்தில் முதலில் நீர்ப் பரிசோதனை, பிறகுதான் மற்ற பேச்சு.

மூன்றாவது வழி: புழுதிச் சம்பா

ஆற்றுப்பாசன வயலுக்கு இன்னொரு வழி உண்டு, கடைமடையில் பழகியதுதான். நாற்றங்கால் இல்லாமல், ஆவணி–புரட்டாசியில் கோடை உழவு செய்த வயலில் ஏக்கருக்கு 30 முதல் 40 கிலோ விதையை நேரடியாக விதைப்பது. விதையை ஒரு சத பொட்டாசியம் குளோரைடு கரைசலில் 16 மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்தினால் முளைத்த பின் வரும் வறட்சியைக் கொஞ்சம் தாங்கும். 135 நாள் ரகத்தை செப்டம்பர் 10இல் விதைத்தால் ஜனவரி 23.

செலவு 26,000, விளைச்சல் இரண்டு குவிண்டால் குறைவு என்று போட்டால் நல்ல ஆண்டில் உளுந்தோடு 34,000. வெள்ளத்தில் பாதியானால் 9,000. வறட்சியில் நட்டம் 12,000 மட்டுமே, ஏனென்றால் மேலுரமும் களைச் செலவும் இன்னும் போடவில்லை. சராசரி 23,150. நட்ட சம்பாவைவிட சராசரியும் கூடுதல், மோசமான ஆண்டின் அடியும் குறைவு. பணத்தைத் தவணையாக மண்ணில் போடுவதுதான் இதன் பலம். செப்டம்பரில் முளைத்துக் காய்ந்தால் விதையும் உழவும்தான் போகும், மறுபடி விதைக்க நாளும் இருக்கும்.

இதன் பலவீனம் களை. நட்ட வயலில் தேங்கிய தண்ணீர் களையை அமுக்கும், புழுதி வயலில் நெல்லும் களையும் ஒன்றாக முளைக்கும். களைக்கொல்லியை முதல் ஈரத்தை ஒட்டித் தெளிக்கத் தவறினால் பிறகு ஆளை வைத்துத்தான் எடுக்க வேண்டும், அப்போது மிச்சப்படுத்திய 4,000 ரூபாய் போய்விடும். கலப்பு நெல் (களையாகத் தானே முளைக்கும் நெல்) அதிகமுள்ள வயலில் இந்த வழியே வேண்டாம்.

பணம் தவிர மற்றவை

கையிருப்பு, ஆள் கிடைப்பது, தீபாவளிக்குக் கையில் காசு, வீட்டுக்கு அரிசி, மாட்டுக்கு வைக்கோல் எல்லாம் முடிவில் சேரும். பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று போட்டு, எடை கொடுத்துக் கூட்டும் பழக்கம் பயிற்சி வகுப்புகளில் உண்டு. அதில் ஒரு ஆபத்து. ஒரு அளவுகோலில் வாங்கிய நல்ல மதிப்பெண் இன்னொன்றில் விழுந்த பள்ளத்தை மூடிவிடும். ஏக்கருக்கு 24,000 போனால் அடுத்த பட்டத்துக்கு விதை வாங்க முடியாது என்ற நிலையில் இருப்பவருக்கு, வைக்கோல் நிறைய கிடைக்கும் என்பது ஈடாகாது.

ஆகவே முதலில் தடைக்கோடு. மோசமான ஆண்டின் நட்டம், நகையை அடகு வைக்காமல் சமாளிக்கக்கூடிய தொகைக்கு மேல் போனால் அந்த வழி வெளியே, சராசரி எவ்வளவு இருந்தாலும். ஐந்து ஏக்கருக்குக் குறுவை நட்டம் 1,20,000. புழுதிச் சம்பா நட்டம் 60,000. மிஞ்சிய வழிகளில் எல்லா வகையிலும் இன்னொன்றுக்குக் கீழே நிற்பதை நீக்குங்கள். அதன்பின் மற்ற அளவுகோல்களை ரூபாயாக்குங்கள், எடை போடாதீர்கள்.

ரூபாயாக்கினால் சில ஆச்சரியங்கள் வரும். அக்டோபரில் கையில் காசு வரும் என்பது குறுவைக்கு ஆதரவாக எப்போதும் சொல்லப்படும். ஏக்கருக்கு 20,000 ரூபாயை நூற்றுக்கு இரண்டு வட்டியில் நான்கு மாதத்துக்குக் கடன் வாங்கினால் வட்டி 1,600. அந்த வசதியின் விலை அவ்வளவுதான். தொடக்கக் கூட்டுறவு சங்கப் பயிர்க்கடனை உரிய காலத்தில் கட்டினால் வட்டியே இல்லை. கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிற இந்த ஒரு வசதிக்காக, நான்காயிரம் ஐயாயிரம் ரூபாய் வித்தியாசத்தைத் தூக்கிக்கொடுக்கிறார்கள். நடவு ஆள் பற்றாக்குறை இதற்கு நேர்மாறு. நாள் தள்ளினால் மொத்த அட்டவணையும் மழைக்குள் தள்ளப்படும் என்பதால் அதன் விலை கூலி வித்தியாசத்தைவிட மிக அதிகம்.

பயிர்க் காப்பீட்டையும் மிகையாக நம்ப வேண்டாம். சம்பாவுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம், கடைசி நாள் வழக்கமாக நவம்பர் 15. ஆனால் விளைச்சல் இழப்பை அளப்பது கிராம அளவில், பயிர் அறுவடைச் சோதனையின் சராசரியை வைத்து. ஊர் முழுக்க மேட்டில் பிழைத்து, உங்கள் பள்ள வயல் மட்டும் மூழ்கினால் சராசரி இறங்காது. பள்ள வயல்காரருக்குக் காப்பீட்டைவிட வடிகால் வாய்க்காலைத் தூர்வாருவதும் ரகமும்தான் பலம். சிஆர் 1009 சப் 1, சுவர்ணா சப் 1 ரகங்கள் முழுதாக மூழ்கினாலும் இரண்டு வாரம்வரை தாங்கும். சாதாரண ரகம் தண்ணீருக்கு மேல் தலையை நீட்ட முயன்று சேமித்த மாவுச்சத்தைத் தீர்த்துவிடும். சப் 1 ரகம் வளர்ச்சியை நிறுத்திச் சத்தைக் காப்பாற்றும், தண்ணீர் வடிந்த பின் துளிர்க்கும்.

இடையில் வரும் முடிவுகள்

வெள்ளம் வடிந்ததும் செய்யும் தவறு, சேற்றோடு யூரியாவை வீசுவது. வேர் மூச்சுவிட முடியாத நிலையில் அதை எடுக்காது. முழுதாக வடித்து, புது வெள்ளை வேர் தெரிந்த பிறகு ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு கலந்து ஓர் இரவு வைத்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்துப் போட வேண்டும். அதற்கு முன் வயலில் நான்கு இடத்தில் பயிரைப் பிடுங்கி, தண்டின் அடியில் குருத்து பச்சையா அழுகலா என்று பாருங்கள். பாதிக்கு மேல் அழுகியிருந்தால் இந்த உரச் செலவே வீண்.

இந்தக் கட்டத்தில் இதுவரை போட்ட பணம் கணக்கில் வரக் கூடாது. காயும் குறுவைக்கு டீசல் இன்ஜின் வைத்து இறைப்பதா என்ற கேள்வியைப் பாருங்கள். அறுவடைக்கு 20 நாள் இருக்கிறது, இரண்டு தண்ணீர் போதும், ஒன்றுக்கு 3,000 ரூபாய் என்று வையுங்கள். காப்பாற்றினால் 15 குவிண்டால், அறுவடைச் செலவு 5,000 போக 32,500. போடுவது 6,000. இறைக்கலாம். அதே வயல் அறுவடைக்கு 60 நாள் இருக்கும்போது காய்ந்தால் ஆறேழு தண்ணீர் வேண்டும், 20,000 ஆகும், அதற்குள் இன்ஜின் வாடகையும் ஏறும், வாய்க்காலில் இறைக்கத் தண்ணீர் இருக்குமா என்பதும் உறுதியில்லை. அங்கே விட்டுவிட்டு, அந்தப் பணத்தைப் புழுதிச் சம்பாவுக்கு வைப்பதே மேல். இரண்டு இடத்திலும் ஏற்கெனவே போட்ட 24,000 ஒன்றுதான். விடைகள் வேறு.

நிலத்தைப் பிரித்துப் போடுவதும் ஒரு வழி. ஆனால் பாதி குறுவை பாதி சம்பா என்று ஏக்கரைப் பிரிப்பதால் மட்டும் அபாயம் பாதியாகாது, ஒரே மழைதான் இரண்டிலும் பெய்கிறது. பயிரின் வயது வேறுபட்டால்தான் பயன். மேட்டு வயலில் நடுத்தர ரகம், பள்ளத்தில் சப் 1 நீண்டகால ரகம், விதைப்பில் பதினைந்து நாள் இடைவெளி என்று பிரித்தால் ஒரே நாள் மழை ஒன்றைப் பூப்பிலும் மற்றதைத் தூர் கட்டும் பருவத்திலும் பிடிக்கும். வடிகால் மட்டும் பக்கத்து வயல்காரரோடு பேசி முடிக்க வேண்டியது. அவர் குறுவை அறுவடைக்குத் தண்ணீர் வடிக்கும் வாரத்தில் உங்கள் இளம்பயிர் அதன் கீழே இருந்தால் மேலே போட்ட எண்களெல்லாம் மாறிவிடும்.

கடைசிக் கட்டமான உளுந்தில் நாள் பிசகக் கூடாது. ஆளை வைத்து அறுப்பதானால் அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் முன், நிற்கும் பயிரில், மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது ஏக்கருக்கு 10 கிலோ விதை. இயந்திரம் இறங்குவதானால் செயினில் முளை நசுங்கும், ஆகவே நான்கைந்து நாள் முன்பாகத் தெளித்து, விதையை 12 கிலோவாகக் கூட்டிக்கொள்ள வேண்டும்.